ஸ்திரீ பார்ட்

கேளம்பாக்கம் உப்பளங்களுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் விடிய விடியத் தெருக்கூத்து. திரௌபதி கூந்தலை விரித்துச் சபதம் செய்தபோது என் பக்கத்துக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், திரௌபதி அரிதாரத்தைக் கலைத்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்!

"ஐயா, ஊர்ப்பொண்ணு ஒண்ணு எங்ககிட்டக் கத்துக்குது. அடுத்த தடவை அர்ச்சுனன் கட்டப் போவுது. நோட்டீசுல 'ஆட்டக்காரி'ன்னு போட்டா அதும் அப்பன் சண்டைக்கு வருவான். என்னான்னு போடறது?" என்றார்.

அமெரிக்காவிலும் இதே சங்கடம்தான். காண்ட்ரா என்று ஊர்மக்கள் கூடி ஆடும் ஜோடி நடனம் ஒன்று அங்கே உண்டு. 'ஜென்ட்ஸ்', 'லேடீஸ்' என்று கூவி ஆட்டுவித்தவர்கள், இப்போது பல ஊர்களில் 'லார்க்', 'ராபின்' என்கிறார்கள். இரண்டும் பறவைகள். முதல் எழுத்தைக் கொண்டு, லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கம். யாரும் எதுவாகவும் ஆடலாம்.

நம்மவர்கள் பறவைகளைத் தேடவில்லை. ராஜபார்ட், ஸ்திரீ பார்ட் என்றார்கள். அது வேஷத்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல. டி.கே.சண்முகம் கிழவி வேஷம் கட்டியே 'அவ்வை' சண்முகம் ஆனார். கே.பி.சுந்தராம்பாளோ 1935-இல் படத்தில் நந்தனாராகவே நடித்தார்; 1953-இல் அவ்வையாரும் அவரே. மேடையை விட்டு இறங்கினால்தான் வம்பு. 'ஆட்டக்காரி' என்பதை நம் ஊர்கள் தொழிற்பெயராகவா சொல்லின? வசவாக அல்லவா சொல்லின!

அவர் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்: 'அர்ச்சுனன் வேஷம்', அதன்கீழ் 'கலைஞர்', பிறகு அந்தப் பெண்ணின் பெயர்.

இரண்டு தடவை படித்தார். "எனக்கும் இதையே போடலாமா, ஐயா?" என்றார்.