போட்டியும் துணையும்

கூட்டைக் கலைக்க வந்த மனிதனைத் தேனீ கொட்டுகிறது. தோலில் பதிந்த கொடுக்கைத் திரும்ப இழுக்க அதனால் இயலாது. கொடுக்கோடு வயிற்றின் ஒரு பகுதியும் பிய்ந்துபோக, தேனீ மாண்டுவிடும். அவ்வாறு உயிர் கொடுப்பது பிள்ளை பெறாத வேலைக்காரத் தேனீ. பிள்ளையற்ற உயிரின் பண்பு வழிவழியாக வருவது எங்ஙனம்?

இவ்வகை வினா டார்வினையே மலைக்க வைத்தது. 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில், மலட்டு எறும்புகள் தம் கொள்கை முழுவதையுமே வீழ்த்திவிடும் போல முதலில் தோன்றியதாக அவர் எழுதினார். இயற்கைத் தேர்வு தனி உயிருக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் பொருந்தும் என்பதே அவர் கண்ட விடை.

ஆயினும் பின்வந்தோர் பலர் போராட்டத்தையே பெரிதாகப் பேசினர். டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி, 1888-இல் விலங்குலகை வாட்போர்க் காட்சிக்கு ஒப்பிட்டார். அத்தகைய இயற்கைப் போக்கை எதிர்த்து நிற்பதே அறம் என்று 1893-இல் அவரே உரைத்தார். ஆனால், எளியோரை வலியோர் மிதிப்பது இயற்கையின் நியதி என்று கூறித் தம் ஆதிக்கத்துக்கு நியாயம் தேடியோரும் இருந்தனர்.

ஹக்ஸ்லிக்கு மறுப்பு எழுதியவர் குரோபாட்கின் என்னும் உருசியர். அரச குடியிற் பிறந்த அவர், 1862 முதல் 1867 வரை சைபீரியாவில் பணியாற்றினார். ஓரினத்து விலங்குகள் தம்முள் கடும்போர் புரிவதைத் தேடியவர், அதனை அரிதாகவே கண்டார். பெரும்பனிக்கு அஞ்சிய மான்கள் ஆயிரமாயிரமாகத் திரண்டு, அமூர் ஆற்றின் குறுகிய துறையில் கடந்து சென்றதையே அவர் கண்டார். அவர் எழுதிய கட்டுரைகள் 1902-இல் 'பரஸ்பர உதவி' என்னும் நூலாயின.

எனினும், தேனீயின் புதிருக்குத் தெளிவான கணக்கு 1964-இல்தான் கிடைத்தது. உடன்பிறந்தாரிடம் மரபணுக்களில் ஏறத்தாழப் பாதி பொதுவானவை. ஆதலின், ஓருயிர் அழிந்தாலும் அதனால் காக்கப்பட்ட உறவினர் வழியே அதன் பண்பு தொடரும் என்று ஆங்கில அறிஞர் ஹாமில்டன் காட்டினார். தேனீக் கூடு ஒரு தாயின் குடும்பமன்றோ?

உறவல்லாதார்க்கு உதவுவது ஏன்? இன்று பெற்ற உதவி நாளை திரும்புமாயின் இருவருக்கும் நலமே என்று 1971-இல் அமெரிக்கர் டிரிவர்ஸ் விளக்கினார். கோஸ்டாரிக்காவின் குருதியுண்ணும் வௌவால்கள் இதற்குச் சான்றாயின. இரண்டு மூன்று இரவுகள் இரை கிட்டாவிடில் அவை இறந்துபடும். பசித்த வௌவாலுக்கு, உறவல்லாவிடினும் உடனுறையும் மற்றொன்று, தான் உண்ட குருதியைக் கக்கி ஊட்டுவதை வில்கின்சன் என்பவர் 1984-இல் வெளியிட்டார்.

ஆகவே, போட்டியைப் போலவே துணையும் உயிர்களின் இயல்பேயாம். ஆனால் அத்துணை உறவினரையும் பழகினோரையுமே முதலில் நாடும். அந்த எல்லையை விரிப்பது எப்படி? தம் நாட்டார் அனைவரிடத்தும் பரிவு காட்டக் கற்ற மனிதன், அப்பரிவை எல்லா நாட்டார்க்கும் எல்லா இனத்தார்க்கும் நீட்டிப்பதற்குச் செயற்கையான தடையொன்றே எஞ்சியுள்ளது என்று டார்வின் 1871-இல் எழுதினார். அத்தடையை நீக்கும் பொறுப்பை இயற்கையிடம் விட்டுவிட இயலாது. அது வீட்டிலும் பள்ளியிலும் மனிதர் கற்பிக்க வேண்டிய பாடமாகும்.