யாரைக் கேட்பது?

வீட்டு லினக்ஸ் நெட்வொர்க்குக்கு எந்த டிஎன்எஸ், எந்த டிஹெச்சிபி மென்பொருள் என்று தேர்ந்தெடுக்கும்போது, இணையத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்றுக்கு நாம் பதில் சொல்கிறோம்: இந்தப் பெயருக்குரியவர் எங்கே இருக்கிறார் என்று யாரைக் கேட்பது?

ஆர்ப்பாநெட் காலத்தில் கேட்க ஒரே இடம்தான். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில், எலிசபெத் ஃபைன்லர் நடத்திய தகவல் மையம். நெட்வொர்க்கில் இருந்த கணினிகளின் பெயர்கள் ஒரே கோப்பில் இருந்தன. புதுக் கணினி வந்தால் அங்கே சொல்ல வேண்டும். மற்றவர்கள் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஒரே கணக்குப்பிள்ளை மாதிரி. கணினிகள் பெருகப் பெருகக் கோப்பும் வீங்கியது, அதை இறக்கும் கூட்டமும் வீங்கியது.

1983-இல் பால் மொகாபெட்ரிஸ் கணக்கைப் பிரித்தார். யாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. அடுத்து யாரைக் கேட்கலாம் என்று தெரிந்தால் போதும். அதுதான் டிஎன்எஸ். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் யூனிக்ஸுக்காக எழுதிய பைண்ட், அதன் பிரதான மென்பொருளாக வளர்ந்தது. ஒரு பெயர்ப்பரப்பின் பொறுப்பை ஏற்கும் நிறுவனங்களின் தேவை அதன் ஒவ்வொரு எலும்பிலும் தெரியும்: மண்டலக் கோப்பு, வரிசை எண், துணை சர்வர். பத்து சாதனம் உள்ள வீட்டில் அதை நிறுவுவது, மளிகைக் கணக்கு எழுதப் பத்திரப்பதிவு அலுவலகம் திறப்பது போல.

முகவரி கொடுப்பது தனிக் கதை. 1985-இன் பூட்பி முறையில் ஒவ்வொரு இயந்திரத்தையும் முன்கூட்டியே பட்டியலில் எழுதிவைக்க வேண்டும். 1993-இல் ரால்ஃப் ட்ராம்ஸ் எழுதிய டிஹெச்சிபி, குத்தகை என்ற யோசனையைக் கொண்டுவந்தது. புதிதாக வரும் சாதனம் "யாராவது இருக்கீங்களா?" என்று கத்துகிறது, சர்வர் ஒரு முகவரியை நீட்டுகிறது, சாதனம் "அதையே கொடுங்க" என்கிறது, சர்வர் உறுதிசெய்கிறது. காலம் முடிந்தும் புதுப்பிக்காவிட்டால் முகவரி வேறு யாருக்காவது போகும்.

இங்கேதான் சிக்கல். முகவரி கேட்கும்போதே சாதனங்கள் பெரும்பாலும் தங்கள் பெயரையும் சொல்லிவிடுகின்றன. ஆனால் அதைக் கேட்டது டிஹெச்சிபி. பெயர்ப் புத்தகமோ டிஎன்எஸ்ஸிடம். பைண்டையும் ஐஎஸ்சி டிஹெச்சிபியையும் பேசவைக்க ரகசியச் சாவி, புதுப்பிப்பு அனுமதி என்று ஏகப்பட்ட வேலை. சைமன் கெல்லியின் டிஎன்எஸ்மாஸ்க் முதலில் ஐஎஸ்சியின் குத்தகைக் கோப்பைப் படித்து அந்தப் பெயர்களைச் சொன்னது. இரண்டாம் பதிப்பில் முகவரியையும் தானே கொடுக்கத் தொடங்கியது. இரண்டு புத்தகமும் ஒரே கையில். நிலையான பெயர்களை அது எடுப்பது லினக்ஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து. ஃபைன்லரின் கோப்புக்கு வாரிசு. உலகத்துக்குப் போதாமல் போன ஒற்றைக் கோப்பு, ஒரு வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

என் தேர்வு அதனால் டிஎன்எஸ்மாஸ்க். ஐஎஸ்சி தன் பழைய டிஹெச்சிபி சர்வரின் பராமரிப்பை 2022-இல் நிறுத்திவிட்டது. வாரிசான கியா நல்ல மென்பொருள்தான், ஆனால் பெரிய நெட்வொர்க்குகளை மனதில் வைத்தது.

டிஎன்எஸ்மாஸ்க்கிலும் ஓட்டை விழும். 2021 ஜனவரியில் வெளியான டிஎன்எஸ்பூக் குறைகள் ஏழு; பொய்யான முகவரியை நினைவில் ஏற்றும் வழிகளும் அவற்றில் உண்டு. லினக்ஸ் பெட்டியில் ஒரு அப்டேட்டில் வேலை முடியும். இதே மென்பொருளைச் சுமக்கும் மலிவு ரவுட்டருக்கு அப்டேட் வந்தால்தான் உண்டு.

இன்னொன்று, வெளியுலகப் பெயர்களை அது தானே தேடாது; கேள்வியை மேலே தள்ளிவிடும். வழக்கமாக இணைய நிறுவனத்துக்கோ கூகுளுக்கோ. அதாவது வீட்டார் தேடும் ஒவ்வொரு தளத்தின் பெயரும் ஒரே இடத்தில் சேரும். அதனால் பின்னால் அன்பவுண்டை வைத்திருக்கிறேன். அது வேர் சர்வரில் தொடங்கிப் படிப்படியாகக் கேட்டு வரும். கையொப்பம் உள்ள பதில்களைச் சரிபார்க்கும். அந்தக் கேள்விகளும் மறையாக்கம் இல்லாமல்தான் போகின்றன, இணைய நிறுவனம் நினைத்தால் பார்க்கலாம். ஆனாலும் எல்லாவற்றையும் ஒருவரிடமே ஒப்படைப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு வீட்டுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை மிச்சம்: சர்வரை நடத்துபவர். யார் எந்தத் தளத்தை எத்தனை மணிக்குத் தேடினார்கள் என்று அவரால் பார்க்க முடியும். டிஎன்எஸ்மாஸ்க் கேள்விகளைத் தானாகப் பதிவதில்லை. ஒரு வரி சேர்த்தால் பதியும். அந்த வரியை நான் சேர்க்கவில்லை.