புரதக் கைனேஸ் களம்

ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பெயர்த்துப் பிற புரதங்களின்மேல் ஏற்றும் நொதிகளுக்குப் பொதுவாயமைந்த, ஏறத்தாழ 250 முதல் 300 அமினோ அமிலங்கள் நீளமுள்ள வினைப்பகுதி புரதக் கைனேஸ் களம் எனப்படும். புரத வரிசைகளை எழுத்துகளாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததாலேயே இப்பொதுமை புலப்பட்டது.

ஃபிரெடரிக் சாங்கர் 1950களில் இன்சுலினின் வரிசையைக் கண்டறிந்தார். மார்கரெட் டேஹாஃப் குழுவினர் 1965இல் 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து நூலாக்கினர். அமினோ அமிலங்களுக்கு ஓரெழுத்துக் குறியீடு வகுத்தவரும் டேஹாஃபே. ‘எல்’ லியூசினுக்குப் போய்விட்டதால், லைசினுக்கு ‘எல்’லுக்கு முந்தைய எழுத்தான ‘கே’ வாய்த்தது. 1970இல் நீடில்மனும் வுன்ச்சும் ஒப்பீட்டுக்கான கணினி வழிமுறையை வகுத்தனர்.

ரௌஸ் சார்கோமா வைரசின் ‘சார்க்’ புரதம் டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றுவதை ஹன்டரும் செஃப்டனும் 1980இல் காட்டினர். அதுவரை அறியப்பட்ட கைனேஸ்கள் செரின், த்ரியோனின் ஆகியவற்றிலேயே வினைபுரிந்ததால், இது தனிக்குலமாகவே தோன்றியது. மறு ஆண்டில் மாட்டு இதயத்தசையிலிருந்து பெற்ற, சைக்ளிக் ஏஎம்பியால் இயங்கும் கைனேஸின் முழு வரிசை வெளியானது. இவ்விரண்டையும் ஒப்பிட்ட வினோனா பார்க்கரும் டேஹாஃபும், புற்று உண்டாக்கும் வைரசின் புரதமும் மாட்டின் இதய நொதியும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று 1982இல் நிறுவினர். ஹேங்க்ஸ், குவின், ஹன்டர் ஆகியோர் 1988இல் 65 கைனேஸ்களை அடுக்கி, களத்தைப் பதினொரு உட்பகுதிகளாகப் பிரித்தனர். டேஹாஃபின் முதல் தொகுப்பில் இருந்த மொத்தப் புரதங்களின் எண்ணிக்கையும் இதே 65தான். அவ்வடுக்கை மேலிருந்து கீழாகப் படித்தால், சுற்றியுள்ள எழுத்துகள் மாறிக்கொண்டிருக்க, ஏடிபியின் பாஸ்பேட்டுகளைப் பிணைக்கும் லைசினும், மக்னீசியத்தைப் பற்றும் ஆஸ்பார்டிக் அமிலமும் அசையாமல் நிற்பதைக் காணலாம். 1991இல் சூசன் டெய்லர் உள்ளிட்டோர் வெளியிட்ட படிக அமைப்பு, வரிசையில் தொலைவிலுள்ள இவ்வெழுத்துகள் நொதியின் பிளவில் அருகருகே கூடுவதைக் காட்டியது.

அதே ஆண்டில் மிக்சோகாக்கஸ் பாக்டீரியத்திலும் இத்தகைய கைனேஸ் கண்டறியப்பட்டது. பாக்டீரியங்கள் இதைப் பொது மூதாதையிடமிருந்து பெற்றனவா, பிற உயிர்களிடமிருந்து பின்னர் பெற்றனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மனிதரில் 518 கைனேஸ்கள் பட்டியலிடப்பட்டன. முக்கிய எழுத்துகளில் ஏதேனும் ஒன்றை இழந்த ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ‘போலிக் கைனேஸ்கள்’ எனப்பட்டன. அவற்றுட் சில வினைபுரிவதாகப் பின்னர் தெரியவந்ததால், அப்பெயரின் பொருத்தம் விவாதத்திற்குரியது. 2000இல் விவரிக்கப்பட்ட ஒரு நொதி, வழக்கமான இடத்தில் லைசின் இல்லாததால் ‘கே இல்லாதது’ என்று பொருள்படும் ‘விங்க்’ என்னும் பெயரைப் பெற்றது. ஆயினும் அருகிலுள்ள வேறோர் இழையிலிருந்து நீளும் லைசின் ஒன்று அப்பணியைச் செய்வதை அதன் படிக அமைப்பு காட்டுகிறது.