நண்பகலில் முடிந்துபோன தேர்தல்கள்

சிங்கப்பூரில் வேட்புமனுத் தாக்கலுக்கு ஒரு மணி நேரம்தான். காலை பதினொன்றுக்குத் தொடங்கி நண்பகல் பன்னிரண்டுக்கு முடிகிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில் நடக்கும் இந்தச் சடங்கில் கட்சித் தொண்டர்கள் கொடிகளோடு கூடுவார்கள். வேட்பாளர்கள் சுருக்கமாக நன்றி சொல்லிக் கலைவார்கள். பார்ப்பவருக்கு ஒரு முன்னுரைபோலத் தெரியும் அந்த ஒரு மணி நேரம், பல தேர்தல்களில் முடிவுரையாகவும் இருந்திருக்கிறது. 1968இல் 58 தொகுதிகளில் 51இல் எதிர்த்து நிற்க ஒருவரும் வரவில்லை. மீதி ஏழில் இரண்டு பாட்டாளிக் கட்சி வேட்பாளர்களும் ஐந்து சுயேச்சைகளும் நின்றார்கள். வாக்குப்பதிவு நடந்தது என்னவோ ஏப்ரல் 13இல். ஆட்சி யாருக்கு என்பது மனுத்தாக்கல் முடிந்த அன்றே தீர்ந்துவிட்டது.

ஒரு குட்டி நாட்டில் போட்டி எப்படிக் காணாமற்போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்தக் கதையின் நடுவில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு தமிழர் நிற்பதால் அது நமக்கு அயல்நாட்டுச் செய்தி மட்டுமல்ல.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1948இல் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் ஆறே ஆறு. பிரிட்டிஷ் குடிகள் மட்டுமே, அதுவும் தாமாக முன்வந்து பதிந்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். பதிந்தவர்கள் சுமார் 22,000 பேர். சீனாவில் பிறந்து குடியேறியவர்களுக்கு வாக்குரிமை இல்லாததால், வாக்காளர் பட்டியலில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்கிருந்த பங்கைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. 1955இல் பட்டியல் விரிந்தது. தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 25 ஆயின. டேவிட் மார்ஷலின் தொழிலாளர் முன்னணி 10 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. நான்கு இடங்களில் நின்று மூன்றை வென்ற ஒரு புதிய கட்சியை அன்று பெரிதாக எண்ணியவர்கள் குறைவு. அதுதான் மக்கள் செயல் கட்சி.

1959இல் 51 இடங்களுக்கு 194 வேட்பாளர்கள். வாக்களிப்பது அந்தத் தேர்தலிலிருந்து கட்டாயமானது. மக்கள் செயல் கட்சி 43 இடங்களை வென்றது. வென்ற ஒரே சுயேச்சை, ஃபேரர் பார்க்கில் நின்ற ஏ. பி. ராஜா. 1963இல் அதே 51 இடங்களுக்கு 210 பேர் மோதினார்கள். மக்கள் செயல் கட்சியிலிருந்து பிரிந்த பாரிசான் சோசலிஸ் 13 இடங்களைப் பிடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் அதன் முன்னணித் தலைவர்கள் பலர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகிச் சிறையில் இருந்த நிலையிலும் 33 சதவீத வாக்கு அதற்குக் கிடைத்தது. ஆளும் கட்சிக்குக் கிடைத்தது 46.9 சதவீதம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம், அமைச்சராக இருந்தும், கம்போங் கிளாமில் மிகக் குறைந்த வித்தியாசத்தில்தான் தப்பினார். சிங்கப்பூர் வரலாற்றில் ஆளும் கட்சி உண்மையிலேயே தோற்றிருக்கக்கூடிய தேர்தல் அது ஒன்றே.

பிறகு வந்த வெறுமைக்குக் காரணம் அடக்குமுறை மட்டுமல்ல. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்ததும் அந்தச் சுதந்திரமே போலி என்று பாரிசான் சோசலிஸ் சொன்னது. 1966இல் அதன் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறினார்கள். போராட்டம் இனித் தெருவில்தான் என்றார்கள். 1968 தேர்தலைப் புறக்கணித்தார்கள். அதே ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்திருந்தது. வேலை போகுமோ என்ற அச்சத்தில் இருந்த மக்களுக்குத் தெருப் போராட்டத்தைவிட நிலையான அரசே தேவைப்பட்டது. எதிர்க்கட்சி தானாக விட்டுப்போன களத்தை ஆளும் கட்சி முழுமையாக நிரப்பிக்கொண்டது. அடுத்த 13 ஆண்டுகளுக்கு நாடாளுமன்றத்தில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர்கூட இல்லை.

அந்த 13 ஆண்டுகளை முடித்துவைத்தவர் ஜே. பி. ஜெயரத்தினம். மலாயாவில் வாழ்ந்த பெற்றோருக்கு 1926இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, லண்டனில் சட்டம் படித்து, சிங்கப்பூரில் நீதித்துறைப் பணியில் இருந்துவிட்டு வழக்கறிஞரானவர். 1971இல், மார்ஷல் தொடங்கிப் பின் செயலற்றுக் கிடந்த பாட்டாளிக் கட்சியின் தலைமையை ஏற்றார். 1972இல் ஃபேரர் பார்க், 1976இல் கம்போங் சாய் சீ, 1977இல் ராடின் மாஸ், 1979இலும் 1980இலும் தெலுக் பிளாங்கா என ஐந்து தோல்விகள். கன்னத்தில் அடர்ந்த கிருதாவும் மேடை அதிரும் குரலும் ஊருக்கே தெரிந்திருந்தன. வாக்குகள்தாம் வரவில்லை.

1981 அக்டோபரில் அன்சன் தொகுதியின் உறுப்பினர் தேவன் நாயர் நாட்டின் அதிபரானார். இடைத்தேர்தல் வந்தது. முந்தைய ஆண்டுதான் தேவன் நாயர் அங்கே 84 சதவீத வாக்குகளோடு வென்றிருந்தார். ஆளும் கட்சி கவலைப்படக் காரணமே இல்லை. ஆனால் அன்சன் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. துறைமுக ஆணையத்தின் பிளேர் பிளேன் குடியிருப்பில் இருந்த தொழிலாளர் குடும்பங்களை, கொள்கலன் முனைய விரிவாக்கத்துக்காக வெளியேறச் சொல்லியிருந்தார்கள். மாற்று வீடு எப்போது, எங்கே என்ற கேள்விக்கு அவர்கள் மனம் ஆறும்படியான பதில் கிடைக்கவில்லை. அக்டோபர் 31 இரவு எண்ணிக்கை முடிந்தபோது ஜெயரத்தினத்துக்கு 7,012 வாக்குகள், ஆளும் கட்சியின் பாங் கிம் ஹின்னுக்கு 6,359. வித்தியாசம் 653. பெரிய கொள்கைகளைப் பற்றி எவ்வளவோ பேசிய மனிதரை நாடாளுமன்றத்துக்குள் அனுப்பியதில், வீட்டுச் சாவி பற்றிய கவலைக்கும் பங்கு உண்டு. ஜனநாயகம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

அன்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1961 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி டேவிட் மார்ஷல் என்ற யூதரைத் தேர்ந்தெடுத்தது. 1963இலிருந்து பெருமாள் கோவிந்தசாமி என்ற தமிழர். 1979இல் தேவன் நாயர், மலையாளி. 1981இல் ஜெயரத்தினம். நால்வரில் எவரும் சீனரல்லர். முக்கால்வாசிப் பேர் சீனர்களாக உள்ள நாட்டில், எந்த ஒதுக்கீடும் இல்லாமல், இருபது ஆண்டுகள் ஒரு தொகுதி இப்படி வாக்களித்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1988க்கு வருவோம்.

1984 பொதுத்தேர்தலில் ஜெயரத்தினம் அன்சனைத் தக்கவைத்தார். பொத்தோங் பாசிரில் சியாம் சீ தோங் வென்றார். ஆளும் கட்சியின் வாக்கு 77.7இலிருந்து 64.8 சதவீதமாகச் சரிந்தது. 1986இல் கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் ஜெயரத்தினத்துக்கு ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. 2,000 வெள்ளிக்கு மேல் அபராதம் என்றால் பதவி போகும் என்பது அன்றைய அரசமைப்பு விதி. பதவி போனது. அன்சனில் இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில், அவரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கியதை ரத்துசெய்தபோது, அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாகவே கருதியது. ஆனால் குற்றத் தீர்ப்பு அதன் முன் மேல்முறையீட்டுக்கு வர முடியாததால் அது அப்படியே நின்றது, பதவி திரும்பவில்லை. அதே ஆண்டுத் தேர்தலில் அன்சன் என்ற பெயரே தொகுதிப் பட்டியலில் இல்லை.

அந்த 1988 தேர்தலில்தான் குழுத்தொகுதிகள் அறிமுகமாயின. மூன்று பேர் கொண்ட அணியாக நிற்க வேண்டும். அணியில் ஒருவராவது மலாய்க்காரராகவோ இந்தியர் அல்லது பிற சிறுபான்மை இனத்தவராகவோ இருக்க வேண்டும். வாக்காளர் ஒரே வாக்கில் முழு அணியையும் தேர்ந்தெடுப்பார். வாக்காளர்கள், குறிப்பாக இளையோர், தம் இனத்தவருக்கே வாக்களிக்கும் போக்கு வளர்ந்தால் நாடாளுமன்றத்தில் சிறுபான்மையினர் அருகிப்போவார்கள் என்பது அரசின் வாதம். அந்த அச்சம் பொய்யென்று தள்ளிவிட முடியாது. புலம்பெயர்ந்த நாடுகளில் சிறுபான்மையாக வாழும் நமக்கு அது நன்றாகவே புரியும். டொரொண்டோவிலோ லண்டனிலோ ஒரு தமிழர் வேட்பாளராக நிற்க, அவர் சமூகம் செறிந்து வாழும் தொகுதியைத்தான் முதலில் தேடவேண்டியிருக்கிறது. வீடமைப்பிலும் இன விகிதம் கடைப்பிடிக்கும் சிங்கப்பூரில் அப்படிச் செறிந்து வாழும் தொகுதியே உருவாக முடியாது.

ஆனால் ஏற்பாட்டின் கணக்கு வேறு திசையிலும் வேலை செய்தது. மூவர் அணி 1991இல் நால்வரானது. 1997இல் ஆறு பேர் வரை போனது. சிறிய எதிர்க்கட்சி ஒன்று, தகுதியான ஆறு பேரை, அதில் சரியான இனத்தவர் ஒருவரைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் வைப்புத்தொகை கட்டி நிறுத்த வேண்டும். எட்டில் ஒரு பங்கு வாக்கு வராவிட்டால் அத்தனை பேரின் பணமும் போகும். எதிரணியிலோ அமைச்சர் ஒருவர் தலைமையில் புதுமுகங்கள் பாதுகாப்பாக வருவார்கள். விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 1991இல் 81 இடங்களில் 41, 1997இல் 83இல் 47, 2001இல் 84இல் 55 போட்டியின்றி முடிந்தன. மூன்று தேர்தல்களிலும் நண்பகலிலேயே பெரும்பான்மை கிடைத்துவிட்டது.

1991இல் சியாம் சீ தோங் அந்த வெறுமையையே ஆயுதமாக்கினார். எதிர்க்கட்சிகள் வேண்டுமென்றே பாதிக்குக் குறைவான இடங்களில் நின்றன. ஆட்சி எப்படியும் மாறாது, ஆகவே பயமில்லாமல் எங்களுக்கு வாக்களியுங்கள் என்பதே பிரசாரம். நான்கு இடங்கள் கிடைத்தன. ஹவ்காங்கை வென்ற பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் அவர்களில் ஒருவர். ஆனால் இந்த உத்திக்கு ஒரு விலை இருந்தது. போட்டியில்லாத தொகுதிகளின் மக்கள் வாக்களிக்கும் பழக்கத்தையே இழந்தார்கள். தஞ்சோங் பகார் குழுத்தொகுதி 1991இல் உருவானதிலிருந்து 2011 வரை ஐந்து பொதுத்தேர்தல்களில் வாக்குப்பெட்டியைக் காணவில்லை. 1991இல் 21 வயதான ஒருவர் அங்கேயே வாழ்ந்திருந்தால், தம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு முதன்முதலாக வாக்களித்தபோது அவருக்கு வயது 45. வாக்களிப்பது கட்டாயமான நாடு அது.

ஜெயரத்தினத்தின் பிற்காலத்தில் தமிழர்கள் பேசத் தயங்கும் ஒரு பக்கம் உண்டு. 1997இல் செங் சான் குழுத்தொகுதியில் 45 சதவீதம் பெற்றுத் தோற்ற அவர், தொகுதியில்லா உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார். 2001இல் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டு அந்த இடத்தையும் இழந்தார். அதற்கு இட்டுச்சென்றது, தமிழ் மொழி வாரத்தின் ஏற்பாட்டாளர்களைத் தாக்கி 1995இல் பாட்டாளிக் கட்சியின் ‘ஹாமர்’ இதழில் தமிழில் வெளியான ஒரு கட்டுரைமீதான அவதூறு வழக்கு. இழப்பீட்டுத் தவணையை உரிய நாளில் கட்ட முடியவில்லை. சிங்கப்பூரின் மிகப் பெரிய எதிர்க்கட்சிக் குரல் கடைசியில் ஓய்ந்தது, தமிழர்கள் தமிழர்கள்மேல், தமிழ்க் கட்டுரை ஒன்றுக்காகத் தொடுத்த வழக்கினால். அதன்பின் தெருவோரத்தில் நின்று தம் புத்தகங்களை விற்றார். திவால்நிலை நீங்கியபின் 2008இல் புதுக் கட்சி தொடங்கினார். சில மாதங்களில், 82ஆம் வயதில் காலமானார்.

மாற்றத்தை அவர் பார்க்கவில்லை. 2011இல் லோ தியா கியாங் பாதுகாப்பான ஹவ்காங்கை விட்டு அல்ஜூனிட் குழுத்தொகுதியில் இறங்கினார். முதன்முறையாக ஒரு குழுத்தொகுதி எதிர்க்கட்சியிடம் போனது. எதிரியைத் தடுக்க எழுப்பிய கோட்டை ஒருமுறை கைமாறினால் மொத்தமாகக் கைமாறும் என்பது அன்று தெரிந்தது. ஐந்து இடங்களோடு இரண்டு அமைச்சர்களும் தோற்றார்கள். 2015இல் 89 இடங்களிலும் போட்டி. 2020இல் செங்காங்கும் சேர, எதிர்க்கட்சிக்குப் பத்து இடங்கள். அந்த எண்ணிக்கை 2025இலும் அப்படியே நின்றது. ஆனால் அதே 2025இல் மரீன் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் யாரும் எதிர்த்து நிற்கவில்லை. ஐந்து இடங்கள் மறுபடியும் நண்பகலில் முடிந்தன.

ஒதுக்கீடு தேவையா என்ற கேள்விக்கு வாக்காளர்களே அவ்வப்போது பதில் சொல்லிவந்திருக்கிறார்கள். 2016இல் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதியில் முரளி பிள்ளை வென்றார். 2023இல் எல்லா இனத்தவருக்கும் திறந்திருந்த அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து 70.4 சதவீதம் பெற்றார். இருவரும் ஆளும் கட்சியிலிருந்து வந்தவர்கள், அதனால் இது முழுச் சான்றாகாது என்று வாதிடலாம். அப்படியானால் அன்சனை நினைத்துக்கொள்ளலாம். எந்த அணியின் நிழலும் இல்லாமல், அரசாங்கத்தின் முழுப் பலத்துக்கு எதிராக நின்ற ஒரு யாழ்ப்பாணத் தமிழருக்கு, கலப்பினத் தொகுதி ஒன்று இருமுறை வாக்களித்தது.

சிறுபான்மையினருக்கு நாடாளுமன்றத்தில் நாற்காலி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு வாக்காளரைத் தேடிப் படியேற வேண்டிய கடமையும் சேர்ந்தே வர வேண்டும். போட்டியில்லாமல் உள்ளே போகும் தமிழ் உறுப்பினர் பட்டியலில் ஓர் எண். பிளேர் பிளேன் மாடிப்படிகளில் ஏறி, வீட்டுச் சாவியைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு 653 வாக்குகளில் வெல்பவர்தான் பிரதிநிதி.