சக்கர ஸ்பேசர்: வகைகளும் தேர்வும்

சக்கர ஸ்பேசர் என்பது காரின் ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே பொருத்தப்படும் உலோகத் தட்டு. தன் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூரம் அது சக்கரத்தை வெளிப்புறமாகத் தள்ளி நிறுத்துகிறது. பெரிய பிரேக் காலிப்பரில் ரிம் இடிக்காமல் இருக்கவும், அகலமான டயர் உட்புறத்தில் ஷாக் அப்சார்பரை உரசாமல் இருக்கவும், உள்ளே ஒடுங்கி நிற்கும் சக்கரங்களை மட்கார்டு விளிம்புக்கு நேராகக் கொண்டுவரவும் இது பயன்படுகிறது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனமே தன் 911 கார்களுக்கு 5 மி.மீ ஸ்பேசரை விருப்பத் துணைப்பொருளாக விற்றிருக்கிறது. காருக்குப் பொருந்தாத வகையைத் தேர்ந்தெடுப்பதே ஆபத்தைத் தருகிறது. ஓடும் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பது போல்ட்டுகளின் இறுக்கமும், அதனால் ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே உண்டாகும் உராய்வும். அந்த இறுக்கமும் சக்கரத்தின் மையமும் குலையாமல் காக்கும் ஸ்பேசரே சரியான ஸ்பேசர்.

அறிய வேண்டிய அளவுகள்

முதல் அளவு ஆஃப்செட். ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரம் இது. ஸ்பேசரின் தடிமனை இதிலிருந்து கழிக்க வேண்டும். ஆஃப்செட் 45 மி.மீ உள்ள ரிம்முக்கு 20 மி.மீ ஸ்பேசர் போட்டால், 25 மி.மீ ஆஃப்செட் உள்ள ரிம்மைப் பொருத்தியதற்கு அது சமம். இரு பக்கமும் போடும்போது அந்த அச்சில் சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலம் 40 மி.மீ கூடும்.

அடுத்தது பிசிடி, அதாவது, போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம்; துளைகளின் எண்ணிக்கையை அதற்கு முன்னால் சேர்த்து எழுதுவார்கள். மூன்றாவது, ஹப்பின் நடு விளிம்பு உட்காரும் நடுத்துளையின் விட்டம். நான்காவது, மரையின் விட்டமும் இடைவெளியும். சுஸுகி ஜிம்னியில் பிசிடி 5×139.7, நடுத்துளை ஏறக்குறைய 108 மி.மீ, மரை எம்12×1.25. ஃபோக்ஸ்வாகன் போலோவில் இவை முறையே 5×100, 57.1 மி.மீ, எம்14×1.5. ஜிம்னியின் ஹப்பில் ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை மாட்டி நட் போட வேண்டும். போலோவில் ஸ்டட் கிடையாது. போல்ட்டே நேராக ஹப்புக்குள் முறுகும். எந்த வகை ஸ்பேசர் ஏற்றது என்பதை இந்த வேறுபாடும் தேவையான தடிமனும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

வகைகள்

மெல்லிய தட்டு: 3 முதல் 5 மி.மீ வரை தடிமன் கொண்டது. இதற்கெனத் தனி விளிம்பு இராது. ஹப்பின் விளிம்பே தட்டைத் தாண்டி ரிம்மைத் தாங்கும். காலிப்பரில் சற்றே இடிக்கும் ரிம்முக்கு இது போதும். ஆனால் தட்டின் தடிமன் அளவுக்கு மரையின் பிடிப்பு குறைகிறது. கையால் முறுக்கும்போது நட் அல்லது போல்ட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எம்12×1.5 மரைக்கு 6.5, எம்12×1.25 மரைக்கு 8, எம்14×1.5 மரைக்கு 7.5, எம்14×1.25 மரைக்கு 9 சுற்றுகள் என்பது ஸ்பேசர் தொழிலில் வழங்கும் குறைந்தபட்ச அளவு. அதற்குக் குறைந்தால் நீண்ட போல்ட் அல்லது நீண்ட ஸ்டட் கட்டாயம்.

விளிம்புள்ள தட்டு: தடிமன் கூடக்கூட ஹப்பின் விளிம்பு தட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே ரிம்மைத் தாங்க தட்டிலேயே புதிய விளிம்பு கடைந்திருக்க வேண்டும். போல்ட் முறையுள்ள கார்களில் ஏறக்குறைய 20 மி.மீ வரை இதுவே எளிய தீர்வு. பழைய போல்ட்டின் நீளம் 27 மி.மீ எனில், 10 மி.மீ ஸ்பேசருக்கு 37 மி.மீ போல்ட் வேண்டும். அதைவிட நீண்ட போல்ட் பின்புறமுள்ள பிரேக் பாகங்களில் இடிக்கலாம். ஸ்டட் முறையுள்ள கார்களில் பழைய ஸ்டட்டுகளை எடுத்துவிட்டு நீளமானவற்றை ஹப்பில் அழுத்திப் பதிக்க வேண்டும்.

தனி ஸ்டட்டுள்ள தட்டு: பெரும்பாலும் 20 மி.மீக்கு மேல் கிடைக்கும். ஸ்பேசரைக் காரின் ஸ்டட்டுகளில் தனி நட்டுகளால் இறுக்கி, அதிலேயே பதித்திருக்கும் வேறு ஸ்டட்டுகளில் சக்கரத்தை மாட்ட வேண்டும். ஜிம்னி போன்ற கார்களுக்குத் தடித்த ஸ்பேசர் தேவையானால் இதுவே பொருத்தம். காரின் ஸ்டட் ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி நீட்டினால், ரிம்மின் பின்புறத்தில் அதற்கேற்ற பள்ளங்கள் இருக்க வேண்டும். இல்லையெனில் ரிம் சரியாகப் பதியாது.

அடாப்டர்: ஒரு பிசிடி உள்ள ஹப்பில் வேறு பிசிடி உள்ள ரிம்மை மாட்ட உதவுவது. அமைப்பில் மூன்றாம் வகையை ஒத்தது.

பல கார்களுக்கும் பொருந்தும்படி நீள்துளைகள் இட்ட பொதுத் தட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் சக்கரத்தை மையப்படுத்தும் விளிம்பு இல்லை. ரிம் பதியும் பரப்பும் குறைவு. மையம் சிறிது விலகினாலும் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும்.

பொருளும் பொருத்தமும்

நல்ல ஸ்பேசர்கள் 6061-டி6 அல்லது 7075-டி6 அலுமினியக் கலவையில் கடையப்படுகின்றன. இரண்டில் 7075 அதிக வலிமையுடையது. 6061 அரிப்பை நன்கு தாங்கும். நட், போல்ட்டின் தலை உட்காரும் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். ஃபோக்ஸ்வாகன் ரிம்களில் அது கோள வடிவம். கடைகளில் வாங்கும் அலாய் வீல்கள் பலவற்றில் 60 பாகைக் கூம்பு வடிவம். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் மிகக் குறுகிய கோட்டில் மட்டுமே தொட்டு, நாளடைவில் தளர்ந்துவிடும். ஒரு ஸ்பேசர் மேல் இன்னொன்றை அடுக்கக் கூடாது.

தடிமனின் விளைவுகள்

சக்கரம் வெளியே தள்ளப்படும்போது வீல் பேரிங்கில் விழும் நெம்பு விசை கூடுகிறது. முன்சக்கரங்களில், ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் மையத்துக்கும் உள்ள தொலைவு மாறுவதால், மேடு பள்ளங்களின் அடி ஸ்டீயரிங்கில் அதிகம் தெரியும். எனவே தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் கூட்டக் கூடாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பியும், சஸ்பென்ஷன் முழுமையாக அமுங்கிய நிலையிலும் டயர் மட்கார்டில் படுகிறதா என்று அளந்த பின்பே தடிமனை முடிவு செய்ய வேண்டும்.

பொருத்துதலும் பராமரிப்பும்

ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் முற்றிலும் நீக்க வேண்டும். எஞ்சும் துரு தட்டைச் சாய்த்துவிடும். கிரீஸை நடு விளிம்பில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம்; பதியும் முகங்களிலும் மரையிலும் தடவக் கூடாது. கார் நிறுவனம் குறிப்பிட்ட முறுக்குவிசையில், டார்க் ரெஞ்சு கொண்டு எதிரெதிராக இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ ஓடிய பின் மீண்டும் சோதிக்க வேண்டும். தனி ஸ்டட்டுள்ள வகையில் உள் நட்டுகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், சக்கரத்தைக் கழற்றியே பார்க்க வேண்டும்.

சட்டநிலை

இந்தியாவில் பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகிறது. ஜெர்மனியில் அந்தந்தக் கார் மாடலுக்குரிய தொழில்நுட்பச் சான்று உள்ள ஸ்பேசர்களையே சாலையில் பயன்படுத்தலாம். சாலையில் ஓட்டும் காருக்கு வாங்கும் முன் உள்ளூர் விதியை அறிந்துகொள்வது அவசியம்.

மாற்றுவழி

புதிய ரிம் வாங்கும் எண்ணம் உள்ளவருக்கு ஸ்பேசர் தேவையில்லை. வேண்டிய ஆஃப்செட்டும் அதே பிசிடியும் நடுத்துளையும் கொண்ட ரிம்மைத் தேர்ந்தெடுத்தால், கூடுதல் இணைப்பு ஒன்றும் இல்லாமலேயே சக்கரம் அதே இடத்தில் நிற்கும். இருக்கும் ரிம்மையே வைத்துக்கொண்டு சில மில்லிமீட்டர் இடம் தேவைப்படும் இடத்தில்தான் ஸ்பேசர் தன் வேலையை நன்றாகச் செய்கிறது.