தண்டவாளம் நீங்கிய தடங்கள்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், நிபோங் திபால் நகரை அடுத்து அமைந்தது பைராம் தோட்டம். கரும்பு வளர்ந்து, பின்னர் ரப்பர் வளர்ந்து, அதன் பின்னர் செம்பனை வளர்ந்த மண் அது. கடற்பக்கம் கண்டற்காடு, நகர்ப்பக்கம் இருப்புப்பாதை. காடும் சேறும் தண்டவாளமும் அம்மண்ணின் மக்களுக்குப் புதியன அல்ல. ஆயினும் இம்மூன்றையும் ஒன்றாகப் பிணைத்த உழைப்பின் வரலாற்றை இளந்தலைமுறையினர் எத்துணைபேர் அறிவர்?

மலாயாவின் முதல் இருப்புப்பாதை, பைராமுக்குத் தெற்கே பேராக் மாநிலத்தில் 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. தைப்பிங்கின் ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் நோக்கம். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமே கொண்ட அப்பாதை, ஆளுநர் பிரெடெரிக் வெல்டின் பெயர் தாங்கிய போர்ட் வெல்ட் துறையில் முடிந்தது. இன்று கோலா செப்பெத்தாங் எனப்படும் அவ்வூர், மாத்தாங் கண்டற்காட்டின் நடுவே உள்ளது. அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து முன்னோடிப் படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டனர்.

இரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது, சேற்றில் நில்லாது. ஆதலின் மேடுகளை வெட்டவும், பள்ளங்களை நிரப்பவும், சதுப்பு நிலத்தில் மண்கரை எழுப்பி இருமருங்கும் வடிகால் தோண்டவும் வேண்டியிருந்தது. மலைக்காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டில்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே சதுப்பில் இறங்கியவர்கள், தம்மைக் கொல்வது எது என்பதைக்கூட அறியாமல் உழைத்தார்கள்.

1909ஆம் ஆண்டளவில் பிறையிலிருந்து ஜொகூர் பாருவரை இருப்புப்பாதை தொடர்ந்தது. தண்டவாளத்தைப் பேணியவர்களுள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர். நிலையங்களில் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பலர் யாழ்ப்பாணத் தமிழர். ஒரே மொழி பேசிய இரு பிரிவினர், ஒரே பாதையின் இரு நிலைகளில் நின்றனர்.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் இப்பாதை தன்னைப் பேணியவர்களையே பலிகொள்ளச் சென்றது. தம்பின்-மலாக்கா கிளைப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தண்டவாளங்களைப் போலவே தோட்டத்துத் தமிழர்களும் வண்டிகளில் ஏற்றப்பட்டனர். தண்டவாளமும் திரும்பவில்லை, சென்றவர்களில் பல்லாயிரவரும் திரும்பவில்லை.

இனி, தண்டவாளம் நீங்கிய மற்றொரு தடத்தைக் காண்போம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து ஊட்லண்ட்ஸ் வரை சென்ற மலாயா இரயில் பாதை, 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவோடு தன் பணியை முடித்துக்கொண்டது. கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே செலுத்திச் சென்றார். தண்டவாளங்கள் அகற்றப்பட்டபின் அந்த 24 கிலோமீட்டர் நிலம் கட்டடங்களுக்கு இரையாகவில்லை; நடப்பார்க்கும் மிதிவண்டி ஓட்டுவார்க்கும் உரிய பசும்பாதையாயிற்று. புக்கித் தீமா காட்டின் ஓரமாகச் செப்பனிட்ட தடம் நீள்கிறது. இரும்புப் பாலங்களும் புக்கித் தீமா நிலையமும் பேணப்பட்டுள்ளன. ஏற்றமும் இறக்கமும் உறுத்தாத அந்நடை இன்று பலருக்கும் இன்பம். அந்தச் சமதளம் இயற்கை தந்ததன்று, மண்வெட்டி தந்தது.

அப்பாதையருகே, குவீன்ஸ்வே பகுதியில், 1930களில் இரயில்வேத் தொழிலாளர்கள் சிறு கொட்டகையில் முனீஸ்வரரை வைத்து வழிபட்டனர். அதுவே வளர்ந்து இன்று காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயிலாக விளங்குகிறது. உழைத்தோரின் பெயர்களைப் பொறித்த கல் இல்லாத இடத்தில், அவர்கள் நட்ட தெய்வமே சான்றாய் நிற்கிறது.

போர்ட் வெல்டிலும் ஒரு சான்று உண்டு. இரயில் போயிற்று, தண்டவாளம் போயிற்று. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என்னும் நான்கு எழுத்துகளையும் தாங்கி நிற்கிறது. அப்பலகையில் தமிழ் இடம்பெற்றது எவரும் இட்ட பிச்சையன்று; பாதை சமைத்தவர்களும் பயணம் செய்தவர்களும் பெற்ற உரிமை.

பைராம் தோட்டத்துப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலாவாக எங்கெங்கோ செல்கின்றனர். நிபோங் திபாலிலிருந்து தெற்கே, ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில், அப்பலகை காத்திருக்கிறது. அங்கே அவர்களை நிறுத்தி, தமிழ் எழுத்துகளை வாய்விட்டுப் படிக்கச் செய்தல் வேண்டும். பின்னர் "இதனை இங்கு எழுதவைத்தவர் யார்?" என்று ஒரே ஒரு வினா கேட்டால் போதும். அவ்வினாவுக்கு விடை தேடும் பிள்ளை, தன் பாட்டன் நடந்த தடத்தைத் தானே கண்டுகொள்வான்.