எடை மெஷின் சொல்லாததை டேப் சொன்ன கதை

"ஒல்லியாத்தானே இருக்கா, அவளுக்கு என்ன ஹார்ட் பிராப்ளம் வரப்போகுது?"

செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. எடை மெஷின் 50 கிலோ காட்டினால் போதும், இருபது வயதுப் பெண்ணுக்கு இதயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் போனால் தெரியும்.

சூத்திரம் பிறந்தது எப்படி?

பெல்ஜியம் நாட்டின் அடால்ஃப் கெட்லே மருத்துவர் அல்ல. வானியலும் புள்ளியியலும் அவருடைய துறைகள். "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டவர் அவர். வளர்ந்த மனிதர்களின் எடை அவர்கள் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்று 1830களில் எழுதினார். எடை கூடினால் நோய் வருமா என்ற கேள்வியே அவரிடம் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவை அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள். யார் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பணப் பிரச்சினை அல்லவா? மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 1940களில் வெளியிட்ட உயரம்-எடை அட்டவணைகள் மருத்துவர்களின் மேஜைக்கும் வந்து சேர்ந்தன.

1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கெட்லேயின் பழைய சூத்திரத்தைத் தூசி தட்டி எடுத்து "பாடி மாஸ் இன்டெக்ஸ்" என்று பெயர் வைத்தார். அதுதான் இன்றைய பி.எம்.ஐ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு 22.2 வரும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கீஸ் எடுத்துக்கொண்டவர்கள் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்ட ஆண்கள். அதில் ஒரு பெண்கூட இல்லை. இந்தியாவும் இல்லை!

எவ்வளவு கொழுப்பு? எங்கே கொழுப்பு?

பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947இலேயே வேறு ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். தொடையிலும் இடுப்பிலும் கொழுப்பு சேர்ந்தவர்களைவிட, உடம்பின் மேல்பாதியில் சேர்ந்தவர்களுக்குத்தான் நீரிழிவும் ரத்தக்குழாய் நோயும் அதிகம் என்றார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1968-69இல் 1,462 பெண்களை அளந்து, 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1984இல் முடிவு வந்தது. யாருக்கு மாரடைப்பு வரும் என்பதை பி.எம்.ஐ.யைவிட, இடைச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்து வரும் விகிதமே நன்றாகக் காட்டியது.

விகிதத்தால் உடலை அளப்பது மாமல்லபுரத்துக்குப் புதிய விஷயமில்லை. அங்குள்ள சிற்பிகள் முகத்தின் நீளத்தை ஒரு "தாலம்" என்று வைத்துக்கொண்டு முழு உருவத்தையும் வகுக்கிறார்கள். சிலை ஒரு அடியானாலும் பத்து அடியானாலும் கணக்கு ஒன்றுதான். மருத்துவத்துக்கு அந்த யோசனை வந்து சேர இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு ஏன் ஆபத்து? குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. அதனால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். இறங்குகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இளம் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொழுப்பை இடுப்புக்கும் தொடைக்கும் அனுப்பி ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனால் அந்தக் காவலை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

நம் ஊர்க் கணக்கு

2003இல் சென்னையைச் சேர்ந்த சினேகலதா, விஜய் விஸ்வநாதன், ராமச்சந்திரன் ஆகியோர் இந்தியர்களுக்கான அளவுகளை வெளியிட்டனர். பி.எம்.ஐ. 25 அல்ல, 23லேயே எச்சரிக்கை வேண்டும். இடைச் சுற்றளவு ஆண்களுக்கு 85 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த அமெரிக்க வழிகாட்டுதல் பெண்களுக்கு 88 செ.மீ. வரை விட்டிருந்தது. 2005இல் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்றே வைத்தது.

2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் டாக்டர் யுட்கினும் அதில் இருந்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இதெல்லாம் நகரத்துப் பிரச்சினை, கிராமத்தில் வராது என்று நினைப்பவர்கள் சூணாம்பேட்டைப் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஊர் அது. டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் அங்கே ஒரு வேனை அனுப்பியது. செயற்கைக்கோள் இணைப்பை இஸ்ரோ கொடுத்தது. 42 கிராமங்களில் இருந்த சுமார் 27,000 பெரியவர்களில் 86 விழுக்காட்டினர் பரிசோதிக்கப்பட்டனர். 2012இல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு. அதைப்போல மூன்று மடங்கு பேர் நீரிழிவின் வாசற்படியில் நின்றார்கள். உழைக்கும் ஊர் என்பதற்காக நோய் விட்டுவைக்கவில்லை.

அரசு டேப்பைக் கையில் எடுத்தது 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில்தான். அதில்தான் முதன்முறையாக இடையும் இடுப்பும் அளக்கப்பட்டன. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்கள் 24 விழுக்காடு. ஆனால் இடை-இடுப்பு விகிதம் 0.85ஐத் தொட்டவர்கள் 57 விழுக்காடு! விகிதம் கூடியவர்கள் எல்லோருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் எடை மெஷின் "சரி" என்று அனுப்பிவைத்த பெண்களில் எத்தனையோ பேரை ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று இந்த எண்கள் சொல்கின்றன.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

தையல் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கக் கூடாது! இடை, உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. 150 செ.மீ. உயரம் என்றால் 75 செ.மீ. அதற்கு மேல் போனால் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு ஹெச்.டி.எல். 50க்குக் குறைந்தாலோ ட்ரைகிளிசரைடு 150க்கு மேல் போனாலோ மருத்துவரிடம் பேச வேண்டும்.

மாரடைப்பு வருவது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய வயதில்தான். ஆனால் அதற்கான கொழுப்பு சேர ஆரம்பிப்பது கல்லூரிக்குப் போகும் வயதில். தடுப்பதற்கு நேரம் இருப்பதும் அந்த வயதில்தான்.